தைமஸ் சுரப்பியும் குழந்தையின் பசியும்

(அகளியில் கல்லூரி மாணவர்களும் நலத்துறை, குழந்தை வளர்ச்சித் துறை ஊழியர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இதயம் எங்கே இருக்கிறது, அது என்ன செய்கிறது என்று கேட்டால் பள்ளிச் சிறுவனும் விடை சொல்லுவான். அந்த இதயத்திற்குச் சற்று மேலே, மார்பெலும்பை ஒட்டி, சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு நிறத்தில் மென்மையான ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் பெயர் தைமஸ் சுரப்பி. அதன் வேலை என்ன என்பதை 1961-ஆம் ஆண்டு வரை மருத்துவ உலகமே அறிந்திருக்கவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் கேலன் இவ்வுறுப்பைக் கண்டிருந்தார். வயது ஏற ஏற அது சிறுத்துப் போவதையும் கவனித்திருந்தார். ஆயினும் அது எதற்காக இருக்கிறது என்னும் வினா ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் விடையின்றியே கிடந்தது.

உடற்கூற்றியல் வகுப்பில் பேச வேண்டிய இப்பொருளை அகளியில் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பசி இவ்வுறுப்பைத் தாக்குவது போல் உடலின் வேறெந்த உறுப்பையும் அவ்வளவு விரைவாகத் தாக்குவதில்லை. பசி தீர்ந்த பின்னரும் இது மெதுவாகவே மீளுகிறது. எடை பார்க்கும் தராசில் இவ்விரண்டும் தெரிவதில்லை. அட்டப்பாடியின் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படுவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது என்று கருதியே இதனை எடுத்துக்கொண்டேன்.

முதலில் அமைப்பைக் காண்போம். தைமஸ் இரண்டு மடல்களைக் கொண்டது. மார்பெலும்புக்குப் பின்னால், இதய உறைக்கும் பெருந்தமனியின் வளைவுக்கும் முன்னால் அவை படிந்துள்ளன. மேல் நுனிகள் கழுத்தின் அடிப்பகுதி வரை நீளும். பிறக்கும்போது மனிதக் குழந்தையின் தைமஸ் சுமார் 10 முதல் 15 கிராம் எடை இருக்கும். பருவமெய்தும் காலத்தில் 30 முதல் 40 கிராம் வரை வளருகிறது. அதன் பிறகு அதன் திசு சிறிது சிறிதாகக் குறைந்து, அவ்விடத்தைக் கொழுப்பு நிரப்பிக் கொள்கிறது. உடல் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பிறந்த காலத்தில்தான் இது மிகப் பெரிய உறுப்பாக விளங்குகிறது.

ஒவ்வொரு மடலும் மெல்லிய உறையால் மூடப்பட்டு, உள்ளே சிறு சிறு நுண்மடல்களாகப் பிரிந்திருக்கும். ஒரு நுண்மடலை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வெளிப்புறம் கருமையாகவும் உட்புறம் வெளிறியும் தோன்றும். வெளிப்புறத்தைப் புறணி என்றும் உட்புறத்தை அகணி என்றும் கூறுவர். புறணியில் இளம் வெள்ளை அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பதே கருமைக்குக் காரணம். அகணியில் வெங்காயத்தை வட்டமாக நறுக்கியது போன்ற சிறு வளையங்கள் காணப்படும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவற்றை விவரித்த ஆங்கில மருத்துவர் ஹஸ்ஸாலின் பெயராலேயே அவை இன்றும் வழங்குகின்றன. இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்பது மேல்தோல் வகையைச் சேர்ந்த அணுக்களின் வலைப்பின்னல். இந்த வலை பந்தல் என்றால், அதில் படர்ந்திருக்கும் வெள்ளை அணுக்கள் கொடி எனலாம். பந்தலும் கொடியும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை என்பதுதான் இதன் தனிச்சிறப்பு.

கரு வளர்ச்சியின் தொடக்க வாரங்களில் தொண்டைப் பகுதியின் இரு பக்கங்களிலும் வரிசையாகப் பைகள் போன்ற பிதுக்கங்கள் தோன்றுகின்றன. மீன்களில் செவுள் உருவாகும் இடமும் இதுவே. மூன்றாம் பையின் அகப்படையிலிருந்து தைமஸ் முளைக்கிறது. அதே பையிலிருந்து, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் அளவைப் பேணும் பாராதைராய்டு சுரப்பிகளில் இரண்டும் தோன்றுகின்றன. இரண்டும் சேர்ந்தே கீழிறங்கும்; பாராதைராய்டு கழுத்தில் நின்றுவிட, தைமஸ் மார்புக்குள் இறங்கி விடுகிறது. இதற்குப் பிறகே கல்லீரலிலிருந்தும், பின்னர் எலும்பு மச்சையிலிருந்தும் மூல அணுக்கள் இரத்தத்தின் வழியே வந்து இங்கே குடியேறுகின்றன. பறவைக் கருக்களில் காடையின் திசுவைக் கோழியில் ஒட்டி, இப்படி அணுக்கள் வெளியிலிருந்து வந்து குடியேறுவதை ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பித்தவர் பிரான்சு நாட்டு அறிவியலாளர் நிக்கோல் லெ துவாரென்.

தைமஸும் பாராதைராய்டும் ஒரே பையில் பிறந்தவை என்பது வெறும் நூலறிவு அன்று. பிறந்த சில நாட்களில் சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வலிப்பு வரும் சில குழந்தைகளுக்கு, இதயக் குறையும் அடிக்கடி தொற்று நோய் பீடிக்கும் இயல்பும் சேர்ந்தே இருப்பதை 1965-இல் அமெரிக்க மருத்துவர் ஏஞ்சலோ டிஜார்ஜ் எடுத்துரைத்தார். தொண்டைப் பைகள் சரிவர உருவாகாமையே இவற்றின் பொதுக் காரணம். தைமஸ் அறவே இல்லாமல் பிறக்கும் மிகச் சில குழந்தைகளுக்கு, வளர்ப்புத் தைமஸ் திசுவைத் தொடைத் தசையில் பதிக்கும் மருத்துவத்திற்கு 2021-இல் அமெரிக்காவில் இசைவு கிடைத்துள்ளது.

இனி மற்ற உயிரினங்களைப் பார்ப்போம். மீன்களுக்குத் தைமஸ் செவுள் அறையின் மேற்பகுதியிலேயே இருக்கிறது. தவளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் ஒரு பக்கத்திற்கு ஒன்றாக அமைந்துள்ளது. ஊர்வனவற்றுக்குக் கழுத்தில், அவற்றுள் பலவற்றில் பருவகாலத்திற்கேற்பச் சுருங்கி விரியவும் செய்கிறது. கோழிக்குக் கழுத்து நரம்பை ஒட்டிப் பக்கத்திற்கு ஏழெட்டு மணிகளாகக் கோத்ததுபோல் நீண்டு கிடக்கும். இவ்வூர் மக்கள் வளர்க்கும் அட்டப்பாடிக் கருப்பு ஆட்டின் குட்டியிலும், அசைபோடும் மற்ற விலங்குகளைப் போலவே, தைமஸ் மார்பிலிருந்து கழுத்தில் மூச்சுக்குழலின் இரு பக்கமும் ஏறிச் செல்லும். குட்டியை அறுப்பவர் கழுத்தில் வெண்மையான சதைத் துண்டுகளைக் காண்பார். முதிர்ந்த ஆட்டை அறுக்கும்போது அதே அளவில் அவை தென்படுவதில்லை. தாடையற்ற லாம்ப்ரி மீனுக்குத் தைமஸே கிடையாது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அதன் செவுள் இழைகளின் நுனியில் தைமஸை ஒத்த திசு இருப்பது 2011-இல் வெளியிடப்பட்டது. ஆக, முதுகெலும்புள்ள உயிர்கள் தோன்றிய காலத்திலிருந்தே இவ்வுறுப்பு ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்து வந்துள்ளது. பயனற்ற உறுப்பை இயற்கை இத்தனை காலம் சுமந்திருக்குமா என்று கேட்டிருந்தால் விடை முன்னரே கிடைத்திருக்கலாம்.

ஆனால் வழி வேறாக அமைந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்கு வந்து ஆய்வு செய்து கொண்டிருந்த ஜாக் மில்லர் என்னும் இளைஞர் எலிகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்து வந்தார். அந்த ஆய்வின் பொருட்டுப் பிறந்த அன்றே எலிக்குஞ்சுகளின் தைமஸை நீக்கிப் பார்த்தார். குஞ்சுகள் முதலில் நன்றாக வளர்ந்தன. தாய்ப்பால் மறந்த பின் மெலியத் தொடங்கின, தொற்று நோய்களால் மடிந்தன. வேற்று இனத்து எலியின் தோலை ஒட்டினால் நலமுள்ள எலியின் உடல் அதை உதறிவிடும். இந்த எலிகளோ அதனை ஏற்றுக்கொண்டன. அத்தோலில் முடியும் முளைத்தது. அந்நியப் பொருளை அடையாளம் காணும் ஆற்றலே அவற்றிடம் இல்லை. 1961-இல் லான்செட் இதழில் இம்முடிவுகள் வெளிவந்தபோது பலர் நம்பவில்லை. வளர்ந்த விலங்கின் தைமஸை நீக்கினால் உடனே ஒன்றும் நேர்வதில்லை என்பதை முன்பே பலர் கண்டிருந்ததே அதற்குக் காரணம். வளர்ந்த விலங்கில் வேலையின் பெரும்பகுதி முன்னரே முடிந்துவிட்டிருக்கும் என்பது பின்னர்தான் விளங்கிற்று.

இதற்கு இணையான மற்றொரு கண்டுபிடிப்பு கோழியிலிருந்து வந்தது. கோழியின் கழிவாய்க்கு மேலே பர்சா என்னும் சிறு பை உண்டு. அதை நீக்கிய குஞ்சுகள் எதிர்ப்பொருள் உண்டாக்குவதில்லை என்று 1956-இல் புரூஸ் கிளிக் கண்டார். 1965-இல் மாக்ஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் பர்சாவின் வேலையும் தைமஸின் வேலையும் வேறுவேறு என்று தெளிவாக்கினர். தைமஸில் பயின்று வருவன டி அணுக்கள் என்றும், எதிர்ப்பொருளை உண்டாக்குவன பி அணுக்கள் என்றும் பெயர் பெற்றன. நம்மிடம் பர்சா இல்லை; பி அணுக்கள் எலும்பு மச்சையிலேயே உருவாகின்றன. நாமக்கல், பல்லடம் பகுதிக் கோழிப் பண்ணையாளர்களுக்கு இந்தப் பர்சா புதிதன்று. அவர்கள் அஞ்சும் கம்போரோ நோய் தாக்குவது இப்பையைத்தான். மில்லரும் கூப்பரும் 2019-இல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டனர்.

தைமஸுக்குள் நடப்பது ஒரு கடுமையான தேர்வு. உள்ளே வரும் இளம் அணு ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஓர் உணரியைப் பொருத்திக்கொள்கிறது. அந்த உணரி எதைப் பற்றும் என்பது பெரும்பாலும் குருட்டு வாய்ப்பால் அமைவது. எனவே கோடிக்கணக்கான வகை உணரிகள் தோன்றுகின்றன. முதல் தேர்வு புறணியில். உடலின் சொந்த அடையாளப் புரதங்களைச் சற்றேனும் படிக்க இயலாத அணு பயனற்றது என்று கைவிடப்பட்டு மடிகிறது. அடுத்த தேர்வு அகணியில். அங்குள்ள வலை அணுக்கள் கணையம், ஈரல், கண் முதலிய உறுப்புகளுக்கே உரிய புரதங்களையெல்லாம் சிறிதளவு உண்டாக்கிக் காட்டுகின்றன. அவற்றோடு இறுகப் பற்றிக்கொள்ளும் அணு பின்னாளில் சொந்த உடலையே தாக்கும் என்பதால் அழிக்கப்படுகிறது. அல்லது பிற அணுக்களை அடக்கி வைக்கும் காவல் அணுவாக மாற்றப்படுகிறது. இக்காவல் அணுக்களைப் பற்றிய ஆய்வுக்கே 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சிக்கும் அமெரிக்காவின் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது. தேர்வுக்கு வரும் நூறு அணுக்களில் தேறி வெளியேறுவன ஐந்துக்கும் குறைவே. நம்முடைய அரசுப் பணித் தேர்வுகளைவிட இது கடினமானதுதான்!

தேறிய அணுக்கள் நிணநீர்க் கணுக்களுக்கும் மண்ணீரலுக்கும் சென்று வாழ்கின்றன. அவற்றுள் சில, நச்சுயிரி புகுந்த அணுக்களை நேரே கொல்லும். வேறு சில, பி அணுக்களுக்கும் மற்ற அணுக்களுக்கும் உதவி புரியும். இந்த உதவி அணுக்களை அழிப்பதாலேயே எய்ட்ஸ் நச்சுயிரி உடலின் எதிர்ப்பாற்றல் முழுவதையும் சரித்து விடுகிறது. காசநோய், தட்டம்மை, நிமோனியாவின் சில வகைகள் ஆகியவற்றை எதிர்க்க டி அணுக்கள் இன்றியமையாதவை. தடுப்பூசி போட்டால் அதை நெடுநாள் நினைவில் வைத்திருப்பதற்கும் இவற்றின் துணை வேண்டும்.

பெரியவர்களுக்குத் தைமஸ் வீண் என்ற எண்ணமும் இப்போது ஆட்டம் கண்டுள்ளது. மார்பு அறுவையின்போது தைமஸ் நீக்கப்பட்ட பெரியவர்களையும், அதே போன்ற அறுவை செய்துகொண்டும் தைமஸ் நீக்கப்படாதவர்களையும் ஒப்பிட்ட பாஸ்டன் நகர மருத்துவர்கள் 2023-இல் தம் முடிவை வெளியிட்டனர். ஐந்தாண்டுகளில் முன்னவரிடையே இறப்பு 100-க்கு 8.1, பின்னவரிடையே 2.8.

இப்போது ஒரு பழைய பிழையைச் சொல்ல வேண்டும். அப்பிழை வறுமையிலிருந்து பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உடற்கூறு பயில்வதற்குக் கிடைத்த சடலங்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. ஏழைக் குழந்தை நீண்ட நோயிலும் பட்டினியிலும் கிடந்து இறந்திருக்கும். அதன் தைமஸ் வற்றிப் போயிருக்கும். மருத்துவர்கள் அதையே இயல்பான அளவு என்று கொண்டனர். நன்றாக உண்டு வளர்ந்த குழந்தை ஒன்று தொட்டிலில் திடீரென இறந்து, அதன் மார்பைத் திறந்து பார்த்தால், தைமஸ் பெரிதாகத் தெரிந்தது. பெருத்த தைமஸ் மூச்சுக்குழலை அழுத்திக் கொன்றுவிட்டது என்று முடிவு கட்டினர். 1889-இல் வியன்னாவின் பால்டாஃப் இதற்கு ஒரு நோய்ப் பெயரையும் சூட்டினார். 1931-இல் பிரிட்டனில் விரிவாக ஆராய்ந்து இத்தகைய நோய் இருப்பதற்குச் சான்றில்லை என்று கூறியும், அமெரிக்காவில் அதன் பின்னரும் பல ஆண்டுகள் நலமுள்ள குழந்தைகளின் மார்பில் ஊடுகதிர் பாய்ச்சித் தைமஸைச் சுருக்கி வந்தனர். அப்படிச் செய்யப்பட்டவர்களுள் பலருக்குத் தைராய்டுப் புற்றுநோய் வந்ததை 1950-இல் தொடங்கி மருத்துவ இதழ்கள் எழுதின. பசியால் குன்றிய உடலை அளவுகோலாகக் கொண்டால் நேரும் கேடு இது.

அந்த அளவுகோல் நம்மை விட்டு முற்றிலும் போய்விட்டதாக நான் கருதவில்லை. "இங்குள்ள குழந்தைகள் பிறவியிலேயே சிற்றுடம்புக்காரர்கள்" என்ற பேச்சைப் பழங்குடிப் பகுதிகள் எங்கும் கேட்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் நல்ல உணவும் நல்ல சூழலும் வாய்த்த குழந்தைகளை அளந்து 2006-இல் வளர்ச்சி அளவைகளை வெளியிட்டது. முதல் ஐந்தாண்டுகளில் அக்குழந்தைகள் ஏறத்தாழ ஒரே விதமாகவே வளர்ந்தனர் என்பது அதன் முடிவு.

பசிக்கும் தைமஸுக்கும் உள்ள உறவைக் கவனித்த முன்னோடிகளுள் ஒருவர் இங்கிருந்து வெகு தொலைவில் பணிபுரிந்தவர் அல்லர். அட்டப்பாடிக்கு வடக்கே எழும் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் 1918-இல் பெரிபெரி நோய் ஆய்வு தொடங்கிற்று. அதை நடத்தியவர் ராபர்ட் மெக்காரிசன். அந்த ஆய்வே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மெக்காரிசன் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை உயர் வெப்ப ஆவியில் அவித்துக் கொடுத்து, அவை மெலிந்து இறந்த பின் ஒவ்வோர் உறுப்பையும் எடை போட்டார். எல்லாவற்றிலும் மிகுதியாக வற்றியிருந்தது தைமஸ். விரை, மண்ணீரல் முதலியன அதற்கு அடுத்தபடியாகவே வந்தன. மூளை மிகக் குறைவாகவே குன்றியிருந்தது. இதற்கு நேர்மாறாகச் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி மட்டும் பெருத்திருந்தது. 1919-இல் அவர் இதை எழுதியபோது தைமஸின் வேலை என்னவென்று எவருக்கும் தெரியாது. அவருக்கும் முன்பே, 1845-இல், ஜான் சைமன் என்னும் ஆங்கில மருத்துவர் உடலின் ஊட்ட நிலையைக் காட்டும் மானியாகத் தைமஸைக் கருதலாம் என்று எழுதியிருந்தார்.

தைமஸ் வற்றியதும் அட்ரினல் பெருத்ததும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. உணவு குறையும்போதும் காய்ச்சல் வரும்போதும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. அது புறணியில் உள்ள இளம் அணுக்களைக் கூட்டம் கூட்டமாக மடியச் செய்கிறது. உடலின் கொழுப்பு கரையும்போது, தைமஸுக்கு ஆதரவாக உள்ள லெப்டின் என்னும் இயக்குநீரும் குறைகிறது. தைமஸ் சுரக்கும் ஓர் இயக்குநீர் துத்தநாகம் இல்லாமல் செயற்படுவதே இல்லை. குறைந்த உணவில் துத்தநாகமும் குறைவு. இரவு பகலாகப் பெருகிக்கொண்டே இருக்கும் அணுக்கள் நிறைந்த உறுப்பு என்பதால் பஞ்சத்தின் அடி இதன் மீது முதலில் விழுகிறது. கடும் ஊட்டக்குறைவால் இறந்த குழந்தைகளின் தைமஸ் மெல்லிய நாடாவாகச் சுருங்கிக் கிடப்பதை 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆப்பிரிக்க மருத்துவமனைகளிலிருந்து வந்த கட்டுரைகள் விவரித்தன. கத்தியின்றிப் பசி செய்யும் தைமஸ் அறுவை என்று அறிஞர்கள் இதனைக் குறிப்பிடலாயினர்.

அகளி, புதூர், சோலையூர் ஆகிய மூன்று ஊராட்சிகளைக் கொண்ட அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் வாழ்கின்றனர். 1951-இல் இங்கு வாழ்ந்தோரில் பத்துக்கு ஒன்பது பேர் அவர்களே. 2011-இல் அவர்கள் பாதிக்கும் குறைவு. பஞ்சக்காடு என்னும் மலைச் சாகுபடியில் கேழ்வரகும் சாமையும் தினையும் துவரையும் கீரையும் ஒன்றாக விளைந்த நிலம் கைமாறிற்று, அல்லது தரிசானது. கலப்புத் தானியத்தின் இடத்தில் தீட்டிய அரிசி வந்தது. 2012, 2013 ஆண்டுகளில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது நாடே இங்குத் திரும்பிப் பார்த்தது. எடை குறைந்த பிறப்பு, குறைப்பிரசவம், தாயின் இரத்தசோகை ஆகியவை மீண்டும் மீண்டும் சுட்டப்பட்டன. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இங்கு வந்து ஆராய்ந்தது. இதன் பின்னரே ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களும், குடும்பஸ்ரீ மூலம் ஊர்தோறும் சமுதாயச் சமையற்கூடங்களும் தொடங்கின. சிறுதானியச் சாகுபடிக்கும் திட்டம் வந்தது.

அந்த இறப்புகளுக்குத் தைமஸே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரல் விரியாமல் போவதும், பிரசவச் சிக்கலும், பிறவி இதயக் குறையும் வேறு கணக்கைச் சேர்ந்தவை. இப்பகுதியில் உள்ள அரிவாள் அணுச் சோகையும் தொற்று நோய்க்கு இடங்கொடுக்கும். ஆனால் அது கெடுப்பது மண்ணீரலை. இவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. கருப்பையிலேயே வளர்ச்சி குன்றிய குழந்தைக்குத் தைமஸ் சிறிதாக இருக்கிறது என்பதும், அத்தகைய குழந்தை முதல் ஆண்டைக் கடப்பது கடினமாகிறது என்பதும் மட்டும் நமக்கு இங்கே வேண்டியவை.

மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவில் பிறந்த குழந்தைகளின் தைமஸை மீயொலிக் கருவியால் அளந்து வைத்து, பின்னர் அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். தைமஸ் சிறியதாக இருந்த குழந்தைகளிடையே இறப்பு மிகுதியாக இருந்தது; பிறப்பு எடையின் வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தும் இது மாறவில்லை என்று 2002-இல் வெளியிட்டனர். டென்மார்க்கில் 1996-இல் வெளிவந்த ஆய்வு மகிழ்ச்சி தருவது. நான்கு மாதம் தாய்ப்பால் மட்டுமே உண்ட குழந்தைகளின் தைமஸ், புட்டிப்பால் உண்ட குழந்தைகளின் தைமஸைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. தாய்ப்பாலில் வரும் எதிர்ப்பொருள் குழந்தையைக் காக்கிறது என்று நாம் தாய்மார்களுக்குச் சொல்லி வருகிறோம். குழந்தையின் சொந்தத் தைமஸும் அதனால் வளர்கிறது என்று சேர்த்துச் சொல்லலாம்.

காம்பியா நாட்டில் உணவு அருகிய மழைக்காலத்தில் பிறந்தவர்கள், அறுவடைக் காலத்தில் பிறந்தவர்களைவிட இளம் வயதிலேயே மிகுதியாக இறந்தனர் என்று 1997-இல் கூறினர்; தாயின் வயிற்றில் பட்ட பசி தைமஸில் தழும்பாக நிற்கிறதோ என்று ஐயுற்றனர். வங்காளதேசத்தின் கிராமங்களில் அதையே தேடியபோது அத்தகைய உறவு தென்படவில்லை. எனவே ஒரு நாட்டின் முடிவை மற்றொன்றில் அப்படியே ஒட்டிவிட முடியாது.

பொலிவியா நாட்டுக் கோசபம்பா நகரில் நடந்த ஆய்வுதான் இங்குள்ள ஊழியர்களுக்கு மிக நெருக்கமானது. கடும் ஊட்டக்குறைவோடு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளுக்குப் படிப்படியாக உணவு கொடுத்து, வாரந்தோறும் எடையையும் தைமஸின் அளவையும் பார்த்தனர். ஒரு மாதத்தில் எடை தேறிவிட்டது. வழக்கப்படி வீட்டுக்கு அனுப்பக்கூடிய நிலை. ஆனால் தைமஸ் தேறுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. இடையில் உள்ள அந்த ஒரு மாதத்தில் குழந்தை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும். அதன் நோய் எதிர்ப்பாற்றலோ இன்னும் படுக்கையில் கிடக்கும். அந்நிலையில் பழைய வீட்டுக்கும் பழைய தண்ணீருக்கும் திரும்பினால் வயிற்றுப்போக்கோ நிமோனியாவோ தொற்றி, சேர்த்த எடையெல்லாம் கரைந்து மீண்டும் அதே படுக்கைக்கு வருகிறது. உணவோடு துத்தநாகமும் சேர்த்துக் கொடுத்தபோது இந்த இடைவெளி குறைந்ததையும் அவர்கள் கண்டனர்.

நம் நாட்டு மறுவாழ்வு மையங்களுக்கு 2011-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சேர்ந்தபோது இருந்த எடையில் 100-க்கு 15 பங்கு கூடினால் குழந்தையை அனுப்பலாம் என்கின்றன. அதோடு நில்லாமல், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை தொடர்ந்து வரச் செய்து பார்க்க வேண்டும் என்றும் கூறுகின்றன. முதல் வரி பதிவேட்டில் ஏறி விடுகிறது. இரண்டாம் வரிதான் நழுவுகிறது. அனுப்பப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை மாத அறிக்கையில் தனிப் பத்தியாக இருக்கும். தொடர் வருகைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை அதே கவனத்தைப் பெறுவது அரிது. தைமஸின் கணக்கில் பார்த்தால் மையத்தில் கழித்த நாட்களைப் போலவே அதன் பின் வரும் வாரங்களும் மருத்துவக் காலமே.

ஆகவே குழந்தை ஊருக்குத் திரும்பும் நாளிலேயே ஆஷா ஊழியருக்கும் அங்கன்வாடிக்கும் பழங்குடிப் பணியாளருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும். அந்த இரு மாதங்களுக்குச் சமுதாயச் சமையற்கூடத்தில் அக்குழந்தைக்குப் பருப்பு, முட்டை, கேழ்வரகு ஆகியவை விடுபடாமல் கிடைக்க வேண்டும். தாய் கூலி வேலைக்குப் போகும் நாட்களில் யார் ஊட்டுவது என்பதையும் ஊர் மூப்பனோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது. தடுப்பூசிகளில் விடுபட்டது ஏதேனும் உண்டா என்று பார்த்து முடிக்க வேண்டும். ஊட்டக்குறைவு தட்டம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் காரணமாகாது. தட்டம்மை வந்தால் இத்தகைய குழந்தைக்கே ஆபத்து மிகுதி.

மருத்துவ மாணவர்களுக்கு இரண்டு செய்திகள். மெலிந்த குழந்தைக்குக் கடும் தொற்று இருந்தும் காய்ச்சல் காட்டாமல் இருக்கலாம். உடல் குளிர்ந்து, சோர்ந்து, உண்ண மறுத்தால் அதையே தொற்றின் அடையாளமாகக் கொள்ள வேண்டும். மற்றொன்று, காசநோய்க்காகத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை டி அணுக்களை நம்பியே நடப்பது. தைமஸ் வற்றிய குழந்தைக்குக் காசநோய் இருந்தும் தோலில் தடிப்பு எழாமல் போகலாம். அச்சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதைக் கொண்டு நோயில்லை என்று எழுதி விடலாகாது. வீட்டில் நெடுநாள் இருமுகிறவர் யாரேனும் உண்டா என்று கேட்பது அப்போது ஊசியைவிட மேலான சோதனை.

மீயொலிக் கருவி கொண்டு ஒவ்வொரு குழந்தையின் தைமஸையும் அளக்க வேண்டுமா என்று கேட்கலாம். மார்பெலும்பின் மேல் கருவியை வைத்துச் சில நிமிடங்களில் அளந்து விடலாம், கதிர்வீச்சும் இல்லை. ஆராய்ச்சிக்கு அது பயன்படும். அன்றாட மருத்துவத்துக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. அந்தப் பணத்துக்கு, புதூர் ஊராட்சியின் உட்காட்டில் இருக்கும் குறும்பர் ஊர்களிலிருந்து தாயையும் குழந்தையையும் தொடர் வருகைக்கு அழைத்து வரும் ஜீப்பின் எரிபொருள் செலவைக் கட்டலாம். பருவமழையில் ஆறு பெருகி அவர்கள் வர இயலாத வாரங்களில், தராசையும் மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஊழியரே அங்கே போவதற்கு முன்கூட்டியே நாள் குறித்து வைக்கலாம்.